வாயிலில் காவல், வீட்டில் துப்பாக்கி



2018 மே 18ஆம் திகதி வெள்ளிக்கிழமை. ரமழானின் இரண்டாம் நோன்பு. ஐக்கிய அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் சான்டா ஃபே என்னும் சிறிய ஊரின் உயர் பாடசாலையில் ஒரு மாணவன் துப்பாக்கிகளுடன் சித்திர வகுப்பறைகளுக்குள் நுழைந்தான். 8 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டனர். அந்த எட்டுப் பேரில் ஒருத்தி கராச்சியிலிருந்து மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் படிக்கச் சென்றிருந்த 17 வயது முஸ்லிம் பிள்ளை. அவளைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்த கிறிஸ்தவக் குடும்பத்தினரும் அவளுக்குத் துணையாக நோன்பிருக்கத் தொடங்கியிருந்தார்களாம். பெருநாளைக்கு வீடு வரவிருந்தவளின் ஜனாஸாதான் கராச்சிக்கு வந்தது.

'அந்தப் பாடசாலைக்குக் காவல் இல்லையா?' என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. ஆயுதம் தாங்கிய பொலிஸ் உத்தியோகத்தர்கள் பாடசாலையிலேயே கடமையில் இருந்தார்கள். சில நிமிடங்களில் சுட்டவனை எதிர்கொள்ளவும் செய்தார்கள். அவர்களில் ஒருவர் கையில் குண்டு பாய்ந்து, இரத்தம் பெருகி, மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்டார். அவர்களது துணிவைக் குறைத்துச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆயினும் பத்து உயிர்கள் போய்விட்டன.

சரி, துப்பாக்கி எங்கிருந்து வந்தது? கடையிலிருந்து அல்ல, கள்ளச் சந்தையிலிருந்தும் அல்ல. அவனுடைய தகப்பனாரின் துப்பாக்கிகள் அவை.

இந்த இரண்டு விடயங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அமெரிக்கர்கள் பல வருடங்களாக நடத்திவரும் வாதம் விளங்கிவிடும். ஒரு சாரார் பாடசாலைதோறும் ஆயுதக் காவலர் வேண்டும் என்கிறார்கள். மறு சாரார் துப்பாக்கியைக் கட்டுப்படுத்துங்கள் என்கிறார்கள். 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் ஆரம்பப் பாடசாலையில் 6, 7 வயதுக் குழந்தைகள் 20 பேரும் பெரியவர்கள் 6 பேரும் சுட்டுக் கொல்லப்பட்டபோது இந்த வாதம் உச்சத்துக்குப் போயிற்று. ஒரு வாரத்துக்குள் தேசிய ரைபிள் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான வேய்ன் லபியேர், கெட்டவன் கையிலுள்ள துப்பாக்கியை நல்லவன் கையிலுள்ள துப்பாக்கிதான் தடுக்கும் என்ற கருத்துப்படப் பேசி, எல்லாப் பாடசாலைகளுக்கும் ஆயுதக் காவலர் கேட்டார். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை விரிவாகச் சோதிக்கும் பிரேரணை 2013 ஏப்ரலில் செனட் சபைக்கு வந்தது. ஆதரவாக 54 வாக்குகள், எதிராக 46. தேவைப்பட்டதோ 60. பிரேரணை தோற்றது. அங்கே ஆயுதம் வைத்திருக்கும் உரிமை 1791 முதல் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தொடுவது இலேசான காரியமல்ல.

அதே 2012இல் சாண்டி ஹூக்கில் சுட்டவன் எடுத்தது யாருடைய துப்பாக்கி தெரியுமா? தாயாருடையது. சட்டப்படி வாங்கப்பட்டது. பாடசாலைக்குப் போகுமுன் அவன் முதலில் கொன்றது அந்தத் தாயைத்தான்.

காவலர் பயன்படவே மாட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. 2024 செப்டம்பரில் ஜோர்ஜியா மாநிலத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் சுட்டபோது, பாடசாலையிலிருந்த காவல் உத்தியோகத்தர்கள் விரைந்து வந்து எதிர்கொள்ள, அவன் சரணடைந்தான். அவர்கள் இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை பேரோ! அதற்குள் நான்கு பேர் இறந்துவிட்டனர் என்பதும் உண்மை. மறுபுறம், 2018இல் புளோரிடாவின் பார்க்லண்டில் 17 பேர் கொல்லப்பட்டபோது பாடசாலைக்குரிய ஆயுதக் காவலர் கட்டிடத்துக்கு வெளியே நின்றுவிட்டார். 2022 மே மாதம் டெக்ஸாஸின் யுவால்டியில் நிகழ்ந்ததை வாசிக்கும்போது என் கை நடுங்கியது. 376 காவல் உத்தியோகத்தர்கள் அங்கே வந்து குவிந்தும், கொலைகாரனை எதிர்கொள்ள 77 நிமிடங்கள் சென்றன. 19 பிள்ளைகள், 2 ஆசிரியைகள். உம்மாமார் வெளியே நின்று கதறிக்கொண்டிருந்தார்கள். சுட்டவன் 18 வயது நிரம்பிய சில நாட்களுக்குள் கடையில் சட்டப்படி வாங்கிய துப்பாக்கி அது.

அதன்பின் டெக்ஸாஸ் என்ன செய்தது? அத்தகைய துப்பாக்கியை வாங்கும் வயதை 21 ஆக்கவேண்டும் என்று பிள்ளைகளை இழந்த பெற்றோர் சட்டசபைக்கு நடையாய் நடந்தார்கள். அது நிறைவேறவில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் ஆயுதக் காவலர் இருக்கவேண்டும் என்ற சட்டம் 2023இல் நிறைவேறியது. பணமும் ஆளும் போதாமல் பல பாடசாலை நிர்வாகங்கள் விலக்குக் கேட்டன.

காவலர் வந்துவிட்டால் அவர் எப்போதும் கொலைகாரனையே பார்த்துக்கொண்டிருப்பார் என்பதுமில்லை. 2015இல் டெக்ஸாஸின் இர்விங் நகரில் 14 வயது முஸ்லிம் மாணவன் ஒருவன் தானே செய்த கடிகாரத்தை ஆசிரியருக்குக் காட்டக் கொண்டுபோய், வெடிகுண்டோ என்ற சந்தேகத்தில் கைவிலங்குடன் பாடசாலையிலிருந்து கொண்டு செல்லப்பட்டான். வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. நமக்கும் இது விளங்காததல்ல. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்களின் பின் நம் பாடசாலை வாயில்களிலும் படையினர் நின்று பைகளைச் சோதித்தார்கள். பெற்றோருக்கு அது ஆறுதல் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் நான் கற்பித்த சிறுமிகளில் சிலர் வாயிலை நெருங்கும்போதே பையைத் திறந்து நீட்டியபடி வந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மீண்டும் வீட்டுக்கு வருவோம். அமெரிக்க இரகசிய சேவைப் பிரிவு 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாடசாலைகளில் துப்பாக்கியால் தாக்கியோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே எடுத்திருந்தனர். அம்புகளோடு பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ நடப்பவர் பிறரைக் காயப்படுத்தாதவாறு அவற்றின் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்ததை நீங்கள் அறிவீர்கள். ஆயுதம் வைத்திருப்பதை அங்கே அவர்கள் தடுக்கவில்லை. முனைக்கு யார் பொறுப்பு என்பதைத்தான் தீர்த்துவைத்தார்கள்.

அமெரிக்க நீதிமன்றங்கள் இந்தப் பொறுப்பு விடயத்தில் இன்னும் ஒரே வழியில் செல்லவில்லை. மிச்சிகன் மாநிலத்தில் 2021இல் ஒரு தகப்பன் 15 வயது மகனுக்காகக் கைத்துப்பாக்கி வாங்கினார். நான்கே நாட்களில் அதனால் பாடசாலையில் நான்கு மாணவர்கள் இறந்தனர். 2024இல் தாயும் தகப்பனும் தனித்தனியே குற்றவாளிகளாகக் காணப்பட்டு, ஒவ்வொருவருக்கும் 10 முதல் 15 வருடச் சிறை விதிக்கப்பட்டது. அதே 2024இல் சான்டா ஃபே வழக்கும் தீர்ந்தது. டெக்ஸாஸ் சட்டம் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குத் துப்பாக்கி எட்டவிடுவதையே குற்றமாகக் கொண்டிருந்தது. சுட்டவனுக்கோ 17 வயது நிரம்பியிருந்தது. ஆகவே பெற்றோர் மீது குற்றவியல் வழக்கு இல்லை. பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் சிவில் வழக்குத் தொடுத்தன. கராச்சிப் பெற்றோரும் அவர்களுள் அடங்குவர். துப்பாக்கிகளைப் பூட்டியே வைத்திருந்தோம் என்று சுட்டவனின் பெற்றோர் வாதாடினர். அவர்கள்மீது பொறுப்பில்லை என ஜூரிகள் தீர்ப்பளித்தனர்.

உங்களில் சிலரின் மகளோ தங்கையோ அங்கே குடியேறியிருக்கலாம். பேரப்பிள்ளை கூட்டாளி வீட்டுக்கு விளையாடப் போகுமுன் அந்த வீட்டுத் தாயிடம், 'உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி வைத்திருக்கிறீர்களா?' என்று கேட்கும்படி அங்கே பிள்ளை வைத்தியர்கள் தாய்மாரிடம் சொல்கிறார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும்தான். ஒவ்வாத உணவு ஏதும் உண்டா என்று கேட்பதைப்போல அதையும் கேட்டுவிடச் சொல்லுங்கள்.