மின்கித்தாரின் செவி

நரம்புக் கருவிகள் தமிழ்நாட்டிற்குப் புதியன அல்ல. யாழை மீட்டிய நாடே வீணையை ஏந்திற்று. வீணையை ஏந்திய நாடே பின்னர் வயலினையும் கித்தாரையும் வரவேற்றது. சென்னை மாநகரின் வடபால் கடலோரமாக நீண்டு கிடக்கும் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்னும் ஊர்களில் இவ்வுண்மையை எளிதிற் காணலாம். திருவொற்றியூர், தியாகராச சுவாமிகள் வந்து திரிபுரசுந்தரி அம்மைமீது ஐந்து கீர்த்தனைகள் பாடிய பழம்பதி. புனித இராயப்பர் பெயரால் வழங்கும் இராயபுரத்திலோ, ஆலயப் பாடற்குழுக்களிலும் ஆங்கிலோ-இந்தியர் இல்லங்களிலும் கித்தார் பழகிய கருவியாயிற்று. துறைமுகத் தொழிலாளர் வாழும் இப்பகுதியின் கானாப் பாட்டும் மின்கித்தாரோடு கைகோத்தது, இயக்குநர் பா. இரஞ்சித்தின் ஊக்கத்தால் 2018 சனவரியில் சென்னையில் முதன்முதல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு இதற்குத் தக்க சான்று.

இங்ஙனம் மின்கித்தார் பயிலும் இளைஞர் பலர்க்கு ஒரு நாள் ஓர் ஐயம் எழுகின்றது. கருவி 'உம்' என்று இரைகின்றது, அல்லது ஊளையிடுகின்றது, அல்லது அதன் நாதம் மங்கிக் கிடக்கின்றது. "பிக்கப்பை மாற்று" என்று நண்பர் கூறுவர். பல மாதம் சேர்த்த பொருளைக் கொண்டு புதிய பிக்கப் வாங்கிப் பொருத்திய பின்னரும் பழைய இரைச்சல் ஒழியாதிருப்பதுண்டு. இஃது ஏன்? நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பின்னரே மருந்து செய்க என வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த நெறி கித்தாருக்கும் பொருந்தும். ஆதலின் பிக்கப் என்பது யாது, அது மாற்றத்தக்கதா என்று காண்பது எவ்வாறு, மாற்ற வேண்டின் எதனைத் தெரிந்தெடுப்பது என்னும் மூன்றனையும் ஈண்டு முறையே ஆராய்வோம்.

பிக்கப் என்பது கித்தாரின் செவி. அதனுள் ஒரு காந்தமும், அதனைச் சூழ்ந்து பல்லாயிரம் சுற்றுக்களாகச் சுற்றிய செம்புக் கம்பிச்சுருளும் உள. அக்கம்பியின் கனம் ஏறத்தாழ 0.063 மில்லிமீட்டர், தலைமயிரளவே எனலாம். மேலே உள்ள எஃகுத் தந்தி காந்தத்தின் அண்மையில் இருத்தலால் தானும் காந்தத்தன்மை பெறுகின்றது. அது அதிரும்போது சுருளினூடே செல்லும் காந்தப்புலம் மாறுகின்றது. மாறவே, 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த விதிப்படி சுருளில் மின்னோட்டம் பிறக்கின்றது. திருவொற்றியூரில் தொழிற்சாலை நிறுவிய என்பீல்டு நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள்களில் காந்தம் சுருளின் நடுவே சுழல விளக்கெரிவதும் இவ்விதியாலேயே.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். காந்தம் பற்றாத உலோகத்தைப் பிக்கப் கேளாது. வீணையில் எஃகுத் தந்தியும் பித்தளைத் தந்தியும் உள்ளன. காந்தப் பிக்கப்பை அதன்மேல் வைத்தால் எஃகு ஒலிக்கும், பித்தளை ஊமையாகும். அவ்வாறே மின்கித்தாரில் வெண்கலம் சுற்றிய தந்தி பூட்டினால் சில தந்திகள் மெலிந்தே கேட்கும். அது பிக்கப்பின் குற்றமன்று; எஃகு அல்லது நிக்கல் பூசிய எஃகுத் தந்தி பூட்டினால் தீரும்.

இனி இரைச்சலைப் பற்றிக் கூறுவாம். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் முதலியோர் ஆக்கிய பிக்கப்புகள் ஒற்றைச் சுருள் உடையன. அவை தந்தியின் அதிர்வை மட்டுமன்றி, அருகிலுள்ள மின்கம்பி, மோட்டார், டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றின் காந்தப்புலத்தையும் கேட்டன. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை திசை மாறி மாறிப் பாய்வது. கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்வது. மின்சாரத்தின் 50-உம் அதன் மடங்குகளாகிய 100, 150 முதலியனவும் கித்தாரின் நாதத்தோடு கலந்து 'உம்' என்னும் இரைச்சலாகின்றன. தொழிற்சாலைகளும் பட்டறைகளும் செறிந்த வடசென்னையில் இத்தொல்லை மிகுதியாதல் இயல்பே.

இவ்விரைச்சலை ஒழிக்கும் வழியை கிப்ஸன் நிறுவனத்தைச் சார்ந்த சேத் லவர் கண்டார். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1959-இல் அதனைப் பெற்றார். அவர் இரண்டு சுருள்களை அருகருகே வைத்தார். ஒன்றின் காந்தமுனை மற்றதற்கு எதிரானது. சுற்றின் திசையும் எதிரானது. தந்தியின் ஒலிக்கு இரண்டு எதிர்மறைகள் கூடி உடன்பாடாகின்றன. ஆதலின் இரு சுருளின் மின்னோட்டமும் கூடி வலுக்கின்றன. புறத்தேயிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தமுனை பற்றிய வேறுபாடு இல்லை. ஆதலின் அது ஒரு சுருளில் ஏறியும் மற்றதில் இறங்கியும் தன்னைத்தானே அழித்துக்கொள்கின்றது. இரைச்சலை எதிர்ப்பது என்னும் பொருள்படவே இதற்கு 'ஹம்பக்கர்' என்னும் பெயர் வழங்கலாயிற்று.

அந்நிறுவனமே 1958-இல் இ.எஸ். 335 என்னும் கித்தாரை வெளியிட்டது. அதன் இருபுறமும் வீணைக்குடம் போல் வெற்றிடம். நடுவே மேப்பிள் மரக்கட்டை. இவ்வாறு பாதி கூடும் பாதி கட்டையுமாய் அமைந்ததனை 'செமி ஹாலோ' என்பர். கூட்டினால் நாதம் இனிமையும் விரிவும் பெறுகின்றது. கட்டையினால் ஊளை குறைகின்றது. ஊளையாவது, ஒலிபெருக்கியின் ஓசை கித்தாரின் உடலை அசைக்க, அவ்வசைவு தந்தியை அசைக்க, அது மீண்டும் ஒலிபெருக்கியிற் புகுந்து வளர்ந்துகொண்டே போதல். முழுக்கூடான கருவியைவிட இதில் ஊளை குறைவு. முழுக்கட்டையான கருவியைவிட மிகுதி.

இவ்வளவும் அறிந்தபின் கருவியைச் சோதிப்போம். முதலாவது, ஒலிபெருக்கியிற் செருகாமல் கித்தாரை மீட்டிக் கேட்க வேண்டும். மரத்தின் நாதமே விரைவில் அடங்கிவிடின், தந்தியையும் குதிரையையும் பார்க்கவேண்டுமேயன்றிப் பிக்கப்பை நோவதிற் பயனில்லை. இரண்டாவது, ஒலிபெருக்கியிற் செருகி, கித்தாரின் வால்யூம் குமிழை முற்றும் தணிக்க வேண்டும். அப்போதும் இரைச்சல் குறையாதாயின் குற்றம் கேபிளிலோ, ஒலிபெருக்கியிலோ, கட்டடத்தின் மின்னிணைப்பிலோ உளது. மூன்றாவது, குமிழை உயர்த்தி, கித்தாரைப் பிடித்தவாறே மெல்லத் திரும்ப வேண்டும். திசைக்கேற்ப இரைச்சல் ஏறி இறங்குமாயின் அது காந்தவழி வந்தது; ஹம்பக்கர் அதனைப் பெரிதும் நீக்கும். திசை மாற்றத்தால் மாறாது, தந்தியைத் தொட்டவுடன் தணியுமாயின் உள்ளிருக்கும் கம்பிகளின் மறைப்புப் போதாமையே காரணம். எந்த ஹம்பக்கரும் அதனை முழுதும் தீர்க்காது.

ஊளைக்கும் இத்தகைய சோதனை உண்டு. ஊளை எழும்போது உள்ளங்கையால் தந்திகளை அழுத்துக. அடங்கினால் அது உடலும் தந்தியும் பற்றியது; ஒலிபெருக்கியினின்று விலகி நிற்றலும், 'எஃப்' வடிவத் துளைகளைத் தற்காலிகமாக மூடுதலும் அதற்குப் பரிகாரம். அடங்காது கீச்சிடுமாயின் பிக்கப்பினுள் சுருள் தளர்ந்துள்ளது. அதுவே மாற்றுதற்கு உரிய காரணம்.

கடற்காற்று செய்யும் கேடும் ஒன்றுண்டு. உப்பும் ஈரமும் தந்தியைத் துருவேற்றும், கேபிள் செருகும் ஜாக்கில் களிம்பேற்றும், ஈயப்பற்றைத் தளர்த்தும், நாளடைவில் மெல்லிய சுருட்கம்பியையே அறுத்துவிடவுங் கூடும். ஒரு மல்டிமீட்டர் இதனை உடனே காட்டும். கேபிளின் ஒரு முனையைக் கித்தாரிற் செருகி, வால்யூமை முழுதும் உயர்த்தி, ஒரு பிக்கப்பை மட்டும் தேர்ந்து, மறுமுனையில் தடையை அளக்க. ஹம்பக்கர் நலமாயிருப்பின் ஏறத்தாழ 7 முதல் 16 கிலோ ஓம் வரை காட்டும். சில நூறு கிலோ ஓம் காட்டுமாயின், மீட்டர் காண்பது வால்யூம் குமிழின் தடையையே. சுருளோ அதன் இணைப்போ அறுந்துவிட்டது என்று துணியலாம். இணைப்பை முதலிற் பாருங்கள். ஒரு துளி ஈயப்பற்றினால் தீர்வதற்குப் புதிய பிக்கப் வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் உயிரைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று கூறாதிருத்தல் தகாது. கித்தாரின் தந்திகள் கேபிள் வழியாக ஒலிபெருக்கியின் உலோகச் சட்டத்தோடு இணைந்துள்ளன. அச்சட்டம் 'எர்த்' கம்பியால் நிலத்தோடு இணைந்திருக்க வேண்டும். எர்த் இல்லாத செருகியில் ஒலிபெருக்கி பழுதுபட்டால் மின்சாரம் தந்திக்கு வரும். கையில் தந்தியும் உதட்டில் மைக்கும் இருக்குமாயின் உடலே அம்மின்சாரத்திற்கு வழியாகும். 1972 மே மாதத்தில் வேல்ஸ் நாட்டுச் சுவான்சி நகரில் லெஸ் ஹார்வி என்னும் கித்தார்க் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மாண்டார். தெருமுனைப் பந்தலிலும் ஆலய வளாகத்திலும் வாசிப்போர் மூன்றாவது முனையை வெட்டிய செருகியை ஒருபோதும் ஏற்கலாகாது. தந்தியைத் தொடும்போது விரல் சுரீரென்றால், அதனைப் பிக்கப்பின் இரைச்சலாகக் கருதாது உடனே நிறுத்தி மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

சோதனைகளெல்லாம் முடிந்து, மாற்றவேண்டுவது பிக்கப்பே என்று தெளிந்த பின், தெரிந்தெடுக்கும் முறை வருமாறு.

முதலில் அளவு. பழைய பிக்கப்பின் நீள அகலங்களையும், முதல் தந்திக்கும் ஆறாந் தந்திக்கும் நேரே உள்ள முனைகளின் இடைவெளியையும் மில்லிமீட்டரில் அளந்து கொள்க. கழுத்தருகே ஏறத்தாழ 50-உம் குதிரையருகே 52 அல்லது 53-உம் வழக்கமான இடைவெளிகள். மரத்தை வெட்டிப் பொருத்த நேர்வது செமி ஹாலோ கருவிக்குத் தீங்கு.

இரண்டாவது காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் என்பவற்றைச் சேர்த்த 'அல்நிகோ' காந்தங்களுள் இரண்டாம் வகை மென்மையான நாதம் தருவது. ஐந்தாம் வகை வலிமையும் தெளிவும் தருவது. செராமிக் காந்தம் இவற்றினும் உரப்பானது. குடத்தின் இனிமையை நாடி இக்கருவியைக் கொண்டவர்க்கு அல்நிகோவே பெரும்பாலும் ஏற்றது.

மூன்றாவது சுற்று. சுற்று மிகுந்தால் ஓசை பெருகும். ஆயின் கூர்மை மங்கும். ஓம் எண் பெரிதாயின் பிக்கப் சிறந்தது என்று எண்ணுவது பிழை. கம்பியின் கனம் வேறாயின் அவ்வெண்ணை ஒப்பிடவே இயலாது. பாடற்குழுவோடும் கானாவோடும் வாசிப்போர்க்கு 7 முதல் 8.5 கிலோ ஓம் வரை உள்ள பழைய முறைச் சுற்றே போதும். கழுத்தருகே தந்தி அகன்று அதிர்வதால் அங்கே சற்று மெலிந்ததும், குதிரையருகே சற்று வலியதும் பொருத்துக.

நான்காவது மெழுகு. சுருளை உருகிய மெழுகில் ஆழ்த்தி எடுத்தால் அது தளராது, கீச்சொலி எழாது. மெழுகிடாத பழைய முறைப் பிக்கப்பின் நாதத்தைச் சிலர் விரும்புவர். உரத்து வாசிக்கும் மேடைக்கு, கூடுள்ள இக்கருவியில், மெழுகிட்டதே நலம். அம்மெழுகு உப்புக்காற்றையும் ஓரளவு தடுக்கும். மேல்மூடி நிக்கல்-வெள்ளியாயின் நன்று. பித்தளை மூடி நாதத்தின் கூர்மையைக் குறைக்கும்.

ஐந்தாவது இணைப்பு. ஒரு பிக்கப்பை மட்டும் மாற்றுவோர், புதியதன் காந்தமுனையும் சுற்றுத்திசையும் பழையதற்கு ஒத்தனவா என்று பார்த்தல் வேண்டும். ஒவ்வாதாயின் இரண்டையும் சேர்த்து ஒலிக்கும்போது நாதம் தேய்ந்து வற்றும். நான்கு கம்பியுள்ள பிக்கப் வாங்கினால் இதனை மாற்றியமைக்கலாம். ஒரு சுருளை மட்டும் ஒலிக்கச் செய்யவும் அக்கம்பிகள் உதவும். ஆயின் அப்போது இரைச்சல் மீளும். வால்யூம் குமிழ் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் இருப்பது வழக்கு. 250 ஆயின் ஒலி மங்கும்.

பொருத்தும்போது ஒரு பொறுமை வேண்டும். குமிழ்களெல்லாம் துளைவழியே வெளியே எடுக்கப்படுவன. எடுக்குமுன் ஒவ்வொன்றன் தண்டிலும் நூல் கட்டிவிட்டால், அந்நூலையே இழுத்து மீண்டும் தத்தம் இடத்திற் சேர்க்கலாம். பொருத்திய பின் கடைசிக் கட்டையில் தந்தியை அழுத்தி, பிக்கப்புக்கும் தந்திக்கும் இடையே 1.5 முதல் 2.5 மில்லிமீட்டர் விட்டு, செவிக்கு இனிதாகும்வரை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்க்க. புதியது வாங்குமுன் பழைய பிக்கப்பையே இவ்வாறு திருத்திப் பார்ப்பது அறிவுடைமை. திருகாணி இரண்டைத் திருப்புவதற்குச் செலவொன்றும் இல்லை.

சுருங்கக் கூறின், விலையுயர்ந்த பெயரைத் தேடுவதன்முன் மரத்தையும் தந்தியையும் இணைப்பையும் எர்த்தையும் தேடுக. அவை செம்மையாயின், அளவுக்கும் அவைக்கும் ஏற்ற எளிய பிக்கப்பே இக்கருவியின் குடநாதத்தை அவையோர்க்குக் குறைவறக் கொண்டு செல்லும்.