டிராக்டர் எஞ்சின் சீராக ஓடவில்லையா?

சேடை உழவு நடக்கும் நாளில் டிராக்டர் எஞ்சின் விட்டு விட்டு ஓடினால் வேலை கெடும். வீண் செலவும் வந்து சேரும். எஞ்சின் நடுங்கினாலே பிஸ்டனும் ரிங்கும் போய்விட்டன என்று பயந்து, முழுவதையும் பிரித்துப் போடச் சம்மதித்துவிடும் விவசாயிகள் உண்டு. ஆனால் இத்தகைய கோளாறு பெரும்பாலும் டீசல் வரும் பாதையில்தான் இருக்கிறது. டாங்கிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால், அதிகச் செலவில்லாமலே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். லாரி எஞ்சினுக்கும் இதே வரிசைதான்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக அழுத்தும்போது, அக்காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் இன்ஜெக்டர் டீசலை மிக நுண்ணிய துளிகளாகத் தெளிக்க, அது தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே சுத்தமான டீசல், போதிய காற்று, சரியான தெளிப்பு, குறையாத அழுத்தம் ஆகிய நான்கும் தேவை. ஒரு சிலிண்டரில் இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது சரியாக வெடிக்காது. மற்ற சிலிண்டர்கள் அதையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் எஞ்சின் நடுங்குகிறது.

எப்போது தடுமாறுகிறது?

சும்மா ஓடும்போது நன்றாக இருந்து, கலப்பையை இறக்கியதும் எஞ்சின் திணறினால் டீசல் அல்லது காற்று போதவில்லை என்று பொருள். டீசல் பில்டரையும் ஏர் கிளீனரையும் பார்க்க வேண்டும். சிறிது நேரம் நன்றாக ஓடிப் பிறகு மெல்ல மெல்ல அடங்கினால், டாங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை சேற்றால் அடைபட்டிருக்கலாம். மூடியைத் தளர்த்தியதும் எஞ்சின் சரியாகிவிட்டால் துளையைச் சுத்தம் செய்தாலே போதும்.

தண்ணீர் கலந்திருந்தால்

பில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, சிறிது டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வைக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும். இதை அலட்சியம் செய்யக் கூடாது. டீசல் பம்பின் உள் உறுப்புகள் மயிரிழையைவிடப் பன்மடங்கு நுண்ணிய இடைவெளியில் இயங்குபவை. தண்ணீரும் தூசியும் அவற்றை அரித்துவிடும். டாங்க் பாதி காலியாக இருந்தால், இரவுக் குளிர்ச்சியில் உள்ளே நீர் படியும். எனவே மாலையில் வேலை முடிந்ததும் டாங்கை நிரப்பி வைப்பது நல்லது.

காற்று புகுந்தால்

எஞ்சின் வேகம் தானாக ஏறி இறங்கினால், டீசலோடு காற்று கலந்திருக்கக் கூடும். டாங்கிலிருந்து பீட் பம்பு வரையுள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே சிறு வெடிப்பு இருந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாமல் காற்றுதான் உள்ளே போகும். ஆகவே ஒழுக்கு இல்லையென்று இருந்துவிடாமல் ரப்பர் குழாய், வாஷர், இணைப்பு நட்டு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

பிறகு பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, பீட் பம்பின் கை நெம்புகோலை அடிக்க வேண்டும். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் திருகை முடுக்க வேண்டும். இரண்டாவது பில்டரிலும் டீசல் பம்பிலும் இவ்வாறே செய்ய வேண்டும். காற்று எடுத்த மறுநாளே கோளாறு திரும்பினால், காற்று புகும் வழி இன்னும் அடைபடவில்லை என்று அறியலாம். இவ்வளவும் சரியாக இருந்தும் வேகம் ஏறி இறங்கினால், பம்பின் கவர்னரைச் சந்தேகிக்கலாம்.

எந்தச் சிலிண்டரில் கோளாறு?

எஞ்சின் மெதுவாக ஓடும்போது, ஒரு இன்ஜெக்டருக்குச் செல்லும் இரும்புக் குழாயின் நட்டைத் துணி சுற்றி, அரைச் சுற்று தளர்த்த வேண்டும். சத்தம் மாறி எஞ்சின் மேலும் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நன்றாக உள்ளது. எவ்வித மாற்றமும் இல்லையென்றால் கோளாறு அதில்தான். நட்டை முடுக்கிவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும்.

பின்னர் மெக்கானிக்கைக் கொண்டு அந்த இன்ஜெக்டரை வேறொரு சிலிண்டரில் மாற்றிப் பொருத்தச் சொல்லலாம். கோளாறும் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டர்தான் குற்றவாளி. அதைக் கழற்றிச் சோதனைக் கடையில் கொடுத்தால் போதும். மாறாமல் அங்கேயே நின்றால் மட்டுமே வால்வு, ரிங், பம்பு ஆகியவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும்.

புகையின் நிறம்

கரும்புகை, காற்றுக் குறைவையோ கெட்ட இன்ஜெக்டரையோ அதிகச் சுமையையோ காட்டும். சூடேறிய பிறகும் வரும் வெண்புகை, டீசல் எரியாமல் போவதையோ ரேடியேட்டர் நீர் உள்ளே கசிவதையோ குறிக்கும். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம்.

எச்சரிக்கை

இன்ஜெக்டர் தெளிக்கும் இடத்தில் கையை நீட்டக் கூடாது. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பீடி, சிகரெட் அருகில் ஆகாது. டீசல் பம்பின் சீலை வயலில் வைத்து உடைக்கக் கூடாது. அதற்குரிய கடையில் மட்டுமே பிரிக்க வேண்டும்.

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023-ல் கடுமையான புகைக் கட்டுப்பாடு வந்தது. இவற்றில் பலவும் இக்கால லாரிகளும் காமன் ரெயில் எஞ்சின் கொண்டவை. குழாயில் அழுத்தம் மிக மிக அதிகம் என்பதால், இவற்றில் நட்டைத் தளர்த்தும் சோதனை கூடவே கூடாது. கருவி வைத்துள்ள சர்வீஸ் நிலையத்தில்தான் பார்க்க வேண்டும்.

எப்போது தடுமாறுகிறது, என்ன நிறப் புகை, எந்தச் சிலிண்டர் ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சொன்னால், தேவையில்லாமல் எஞ்சினைப் பிரிக்கும் செலவு மிச்சமாகும், உழவும் தடைபடாது.