பியோபியோதாஹி

புவியியல் வகுப்பில் ஃபியோர்டு என்று சொல்லும்போதெல்லாம் நார்வே கடற்கரையைத்தான் கரும்பலகையில் வரைவேன். நேரில் பார்க்கக் கிடைத்ததோ நியூசிலாந்தின் தென் தீவில். தென்மேற்கு மூலையில் கடல் சுமார் 16 கிலோமீட்டர் மலைக்குள் புகுந்து நிற்கிறது. வரைபடம் அதை மில்ஃபோர்டு சவுண்ட் என்கிறது. சத்தத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. அந்நாட்டுப் புவியியலில் ஆறு வெட்டிய பள்ளத்தாக்கில் கடல் ஏறினால்தான் சவுண்ட். இதை வெட்டியதோ பனியாறு; ஆகவே இது ஃபியோர்டு. பாறையை அரைத்துக்கொண்டே இறங்கி, செங்குத்துச் சுவர்களை விட்டுவிட்டுப் பனி உருகிப்போனது. அந்தப் பள்ளத்தில் கடல் ஏறியது. தண்ணீர் விளிம்பிலிருந்தே மைட்டர் சிகரம் 1,600 மீட்டருக்கு மேல் எழும்புகிறது.

நாங்கள் போன அன்று நல்ல மழை. அங்கே ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் பெய்யும். காட்டுச் சருகுகளில் ஊறித் தேநீர் நிறத்தில் இறங்கும் மழைநீர், உப்புநீரோடு கலக்காமல் மேலே மிதக்கிறது. வெளிச்சம் அதைத் தாண்டி அதிகம் இறங்குவதில்லை. அதனால் ஆழ்கடலில் வாழவேண்டிய கரும்பவளம் இங்கே பத்துப் பன்னிரண்டு மீட்டரிலேயே வளர்கிறது. படகில் இதைக் கேட்டதும் என் மாணவர்களை நினைத்துக்கொண்டேன்.

1770இல் கேப்டன் குக் இந்தக் கரையோரமாகப் போனார். உள்ளே நுழையும் வாயில் அவர் கண்ணில் படவில்லை. 1812 வாக்கில் உள்ளே வந்த சீல் வேட்டைக்காரர் ஜான் குரோனோ, வேல்ஸ்காரர். தன் நாட்டு மில்ஃபோர்டு ஹேவனின் பெயரையே சூட்டினார். 'சவுண்ட்' பின்னால் ஒட்டியது.

ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே இந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் இங்கே பச்சைக்கல் எடுக்க வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது பியோபியோதாஹி, 'ஒற்றைப் பியோபியோ'. மனிதருக்குச் சாகாவரம் தேடிப்போன தொன்ம நாயகன் மாவுயி இறந்துபோக, அவன் துணையாயிருந்த பியோபியோ பறவை துக்கத்தோடு இங்கே பறந்து வந்ததாம். அந்தப் பறவையினமே இன்று இல்லை. பெயரில் மட்டும்தான் இருக்கிறது.

1998இல் நாய் தாஹு என்ற மாவோரி இனக்குழுவோடு அரசு செய்த உடன்பாட்டுச் சட்டம் இரு பெயர்களையும் ஏற்றது: மில்ஃபோர்டு சவுண்ட் / பியோபியோதாஹி. அதே சட்டம் நாட்டின் உயரமான சிகரத்தை ஆவோராகி / மவுண்ட் குக் என்று, மாவோரிப் பெயரை முன்னே வைத்து எழுதியது. மலைக்குச் செய்ததை இந்தக் கடல்வாய்க்கும் செய்யவேண்டும் என்றே நான் கேட்பேன்.