இடது கை பிரேக் அல்ல

புளியங்குளம் சந்தியில் ஏ-9 வீதியை விட்டு நெடுங்கேணிப் பக்கம் திரும்பி, அதிலிருந்து ஏதாவதொரு கிரவல் ஒழுங்கைக்குள் இறங்கினால் ஸ்கூட்டியின் கெட்டித்தனம் அதோடு முடிந்துவிடும். அதன் சில்லு பத்து அங்குலம். மாரியில் அது சேற்றுக்குள் இருந்துவிடும். கோடையில் உழவு இயந்திரம் உழக்கிய புழுதித் தடத்துக்குள் பாம்புபோல் நெளியும். பதினேழு, பதினெட்டு அங்குலச் சில்லுள்ள மோட்டார் சைக்கிள் அதே குழியின் மேலால் ஏறிப் போய்விடும். இதனைக் கண்ணால் கண்ட பின்னர்தான், ஸ்கூட்டி வைத்திருக்கும் சிலருக்குக் கியர் வண்டி பழக்குவதென்று முடிவு செய்தோம்.

வந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களுள் பால்மாடு வளர்க்கும் சகோதரி ஒருவர். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து, பின்னர் ஊர் திரும்பிப் பற்றைக் காட்டை வெட்டிக் குடியேறியவர். நான்கைந்து ஆண்டுகளாக ஸ்கூட்டி ஓட்டுகிறார். வீட்டுக் கொட்டிலில் அவருடைய தம்பியின் மோட்டார் சைக்கிளும் நிற்கிறது. தம்பி கட்டாரில். காலையில் கறந்த பாலை நேரத்தோடு சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் திரைந்துவிடும். மழை நாட்களில் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு பாதி வழி நடப்பாராம். இரண்டு தடவை பாலை ஊற்றிவிட்டு வெறும் கானுடன் திரும்பியிருக்கிறார். “வண்டி ஒண்டு வீட்டிலை சும்மா நிக்குது, பாதர். எனக்குத்தான் அதிலை ஏறப் பயம்” என்றார்.

சும்மா நிற்கும் வண்டிகள் எமது பகுதியில் குறைவல்ல. 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை நீடித்ததால் பழைய வண்டிகளுக்கும் பொன் விலையாயிற்று. கையில் இருப்பதை ஓடப் பழகுவதே மலிவு.

வன்னி மக்களுக்கு மோட்டார் சைக்கிள் புதிய பொருளுமல்ல. தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், காபுறேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு வண்டியை உயிர்ப்பித்து, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாம். அந்தப் புகையின் மணம் இன்னும் பலரின் மூக்கில் இருக்கும். பின்னர் எம்.டி. 90 என்ற சிவப்பு ஹொண்டா வந்தது. ஜப்பானில் தபாற்காரர் ஓட்டிய வண்டி அது. 1958இல் வெளிவந்த சுப்பர் கப் என்ற வண்டியின் வழிவந்தது. ஒரு கையில் உணவுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்டக் கூடியதாக அது இருக்க வேண்டுமென்று அதனைச் செய்தவர்கள் எண்ணினார்களாம். ஆகவே அதில் கியர் உண்டு, கிளச் பிடி இல்லை. காலால் கியரை மிதிக்கும்போது கிளச் தானாகவே விடுபடும். இதனை ஏன் சொல்கிறோமென்றால், ஸ்கூட்டிக்கும் கியர் வண்டிக்கும் நடுவே எமக்கு ஒரு படி தேவைப்பட்டது, எம்.டி. 90 அந்தப் படியாயிற்று.

பயிற்சியின் முதல் நாளே ஒரு பாடம் படித்தோம். படித்தவர்கள் நாங்கள்தான். ஸ்கூட்டி ஓடத் தெரிந்தவருக்குப் பாதி தெரியும், மீதியைச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தோம். சமநிலை, பார்வை, வளைவில் சரிதல் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தன. தெரிந்த ஒன்றுதான் ஆபத்தாக வந்தது. ஸ்கூட்டியில் இடது கைப் பிடி பின் பிரேக். மோட்டார் சைக்கிளில் அதே இடத்தில் இருப்பது கிளச். பின் பிரேக் வலது காலுக்குப் போய்விடுகிறது.

அந்தச் சகோதரி குளக்கட்டிலிருந்து இறங்கும் சரிவில் வந்துகொண்டிருந்தார். எதிரே ஒரு மாடு. பழக்கப்பட்ட இடது கை இறுகப் பிடித்தது. கிளச்சைப் பிடித்தால் வண்டி நிற்காது. இயந்திரம் சில்லைப் பிடித்து வைத்திருந்த பிடியும் விட்டுப்போகும். வண்டி இன்னும் வேகமெடுத்தது. மாடு ஒதுங்கிக்கொண்டது, சகோதரி வேலிக் கரையில் சாய்ந்தார். முழங்கையில் உரசல், வேறொன்றுமில்லை. “இடது கையைப் பிடிச்சால் நிக்குமெண்டுதான் நினைச்சன்” என்று எழும்பி நின்று சொன்னார். அவர் அழவில்லை. எமக்குத்தான் கை நடுங்கியது. (அடுத்த நாள் நாமும் அதே இடத்தில் விழுந்தோம். தமஸ்கு வழியில் சவுல் குதிரையிலிருந்து விழுந்ததாக ஓவியங்களில் காண்கிறோம். வேதாகமத்திலோ குதிரை இல்லை, அவர் தரையில் விழுந்தார் என்று மட்டுமே இருக்கிறது. எமக்கு வண்டியும் இருந்தது, பார்த்துச் சிரிக்க ஒன்பது பேரும் இருந்தார்கள்.)

அன்றே முறையை மாற்றினோம். பயிற்றுநர் ஊரில் கராஜ் வைத்திருக்கும் தம்பி ஒருவர். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கியரை நியூற்றலில் விட்டு, ஆளை ஏற்றிப் பின்னாலிருந்து தள்ளினார். செய்ய வேண்டியது ஒன்றே: அவர் “நில்” என்றதும் வலது கால் பின் பிரேக்கை மிதிக்க வேண்டும், வலது கை முன் பிரேக்கை மெதுவாகப் பிடிக்க வேண்டும். இடது கை சும்மா இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் இருபது, முப்பது தடவை. இன்னொரு பழக்கத்தையும் கழற்ற வேண்டியிருந்தது. ஸ்கூட்டிக்காரர் நிற்கும்போது இரண்டு காலையும் ஒன்றாக நிலத்தில் ஊன்றுவர். இங்கே இடது கால் மட்டும் ஊன்ற, வலது கால் பிரேக்கிலேயே இருக்க வேண்டும்.

அதன் பிறகு எம்.டி. 90இல் கியர் மட்டும். கிளச் கடைசியாக வந்தது. முதலாம் கியரில் போட்டு, அக்சிலேற்றரைத் தொடாமல், பிடித்த கையை மயிரளவு மயிரளவாக விட்டால் ஓரிடத்தில் வண்டி முன்னுக்கு இழுக்கப் பார்க்கும். அந்த இடத்தைக் கை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பலர் அதைச் சட்டென்று விட்டு வண்டியை நூர்த்தார்கள். சகோதரி மட்டும் மூன்றாம் முறையே பிடித்துக்கொண்டார். “கயித்திலை கட்டின கண்டு இழுக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார். பயிற்றுநர் அன்று முதல் எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்.

சேற்றுக்கு வேறு பாடம். சேற்றில் இறங்க முன்னரே இரண்டாம் கியருக்கு வந்துவிட வேண்டும். நடுவில் கியர் மாற்றவோ கிளச் பிடிக்கவோ கூடாது, முன் பிரேக்கைத் தொடவே கூடாது. ஒரே சீராக, முன் சில்லைப் பாராமல் தூரத்தைப் பார்த்துப் போக வேண்டும். பால் கொண்டு போவோர் இரு பக்கமும் பாரத்தைச் சமமாகக் கட்டுவது அவசியம். இருபது லீற்றர் பால் இருபது கிலோவுக்குச் சற்று அதிகம். அது ஒரே பக்கம் தொங்கினால் வளைவில் ஆளையே இழுத்துவிடும். பாதி நிறைந்த கான் அலம்பி இன்னும் மோசம். சேலையும் சால்வையும் செயினில் அகப்படாமல் ஒதுக்கிக் கட்ட வேண்டும். குருவானவரின் அங்கியும் இதற்கு விலக்கல்ல.

பற்றறி இறங்கிவிட்டால் பெல்ற்றில் ஓடும் ஸ்கூட்டியைத் தள்ளி இயக்க முடியாது. கியர் வண்டியை இரண்டாம் கியரில் போட்டு, கிளச்சைப் பிடித்துத் தள்ளி, விட்டால் இயங்கும். அந்தி நேரத்தில் யானை வரும் பாதையில் வண்டி நூர்ந்து நின்றவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

அனுமதிப்பத்திர விடயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். 100 சி.சி.க்கு மேற்படாத வண்டிகளுக்கு ஏ1, அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஏ என்று வகுத்திருக்கிறார்கள். ஸ்கூட்டிக்கென ஏ1 மட்டும் எடுத்தவர் 125 சி.சி. வண்டியை வீதியில் ஓட்டினால் அனுமதியின்றி ஓட்டியதாகவே கொள்ளப்படும். விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் சிக்கலாகும். சகோதரியின் பத்திரம் ஏ1. தம்பியின் வண்டி 125. ஆகவே பயிற்சி முழுவதும் மைதானத்திலும் குளக்கட்டிலுமே நடந்தது. பின்னர் பயிலுநர் பத்திரம் எடுத்து, சோதனைக்குப் போய் முதல் தடவை தவறி, இரண்டாம் தடவை தேறினார். தவறியது கியரால் அல்ல, சைகை விளக்குப் போட மறந்ததால்.

ஸ்கூட்டி இன்னும் அவருடைய வீட்டில்தான் நிற்கிறது. சந்தைக்கும் கோயிலுக்கும் அதிலேதான் வருகிறார். கான் கட்டும் நாளில் தம்பியின் வண்டி.

கார்த்திகை மழைக்குள் ஒருநாள் அந்த வீட்டுக்குப் போனோம். படலைக்குப் பத்து யார் முன்னால் எமது வண்டி சேற்றுக்குள் இறங்கித் தடுமாறியது. மாட்டுக் கொட்டிலுக்குள் இருந்து சத்தம் வந்தது:

“கிளச்சைப் பிடியாதேங்கோ, பாதர்!”