நோட்டு வாங்கும் யந்திரமும் வீட்டு விளையாட்டுப் பெட்டியும்

பணத்தைப் போட்டால் பதில் தரும் யந்திரம் நமக்குப் புதியதன்று. நாற்பது வயதைத் தாண்டிய நேயர் யாவரும், ரயில் நிலைய மேடையில் வண்ண விளக்குகள் மின்ன நின்ற எடை யந்திரத்தை அறிவர். ஊருக்குப் புறப்படும் நாளில் அதன்மீது ஏறி நின்று, காசைப் போட்டு, கீழே விழும் சிறு அட்டையைப் படித்த பின்னரே குழந்தைகள் வண்டியேறச் சம்மதிப்பார்கள். அட்டையில் கண்ட எடையைப் பற்றி ஐயம் வந்ததுண்டு. அதிலிருந்த அதிர்ஷ்ட வாக்கைப் பற்றி எவருக்கும் ஐயம் வந்ததில்லை! இவ்வகைக் கருவிகளின் மூதாதை, கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியா நகரத்து ஹீரோ என்னும் அறிஞர் விவரித்த ஒன்றாகும். காசின் கனத்தால் ஒரு தட்டுச் சாயும். கோயில் தீர்த்தம் சிறிதளவு ஒழுகும்.

காசுக்குக் கனம் உண்டு. அது தானே விழுந்து தன் வேலையைச் செய்துகொள்ளும். காகித நோட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதை இழுத்துச் செல்ல மோட்டார் வேண்டும். பார்த்தறியக் கண் வேண்டும். பார்த்ததைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு வழியும் வேண்டும். அந்த வழியைப் பற்றியதே இக்கட்டுரை.

நம் சங்கத்து இளைஞர் சிலர் அண்மைக் காலமாக வீட்டிலேயே விளையாட்டுப் பெட்டிகளைச் செய்து வருகின்றனர். பிளைவுட் பலகையால் ஆளுயரப் பெட்டி, உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர், முன்புறம் திரை, அதன் கீழே ஜாய்ஸ்டிக்கும் பொத்தான்களும். 1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-ல் வந்த பாக்-மேன் போன்ற ஆட்டங்களை இதில் ஆடலாம். பழைய ஆட்ட யந்திரங்களைக் கம்ப்யூட்டரில் உயிர்ப்பிக்கும் 'மேம்' என்ற நிரலை 1997-ல் தொடங்கியவர் நிக்கோலா சால்மோரியா என்னும் இத்தாலியர். நிரலை எவரும் விலையின்றிப் பெறலாம். ஆட்டங்களோ பெரும்பாலும் இன்னும் அவற்றை வெளியிட்ட நிறுவனங்களின் உடைமை. ஆகையால் இத்தகைய பெட்டியைக் கடையில் வைத்துப் பொருளீட்ட நினைப்போர் முதலில் வழக்கறிஞரை அணுகுவது நலம். நாம் பேசுவது வீட்டுப் பெட்டியைப் பற்றி மட்டுமே.

வீட்டுப் பெட்டிக்குப் பணம் வாங்கும் வாய் எதற்கு என்று தாய்மார்கள் கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். நாம் கண்ட வரையில் அது உண்டியலாகவே பயன்படுகிறது. பாட்டி கொடுத்த பத்து ரூபாயைப் பையன் தானே உள்ளே செலுத்துகிறான். மூன்று ஆட்டம் கிடைக்கிறது. ஆண்டு இறுதியில் பெட்டியைத் திறந்தால் ஊர்ப் பயணத்துக்கான கைச்செலவு சேர்ந்திருக்கிறது. கணக்கின்றி ஆடும் ஆட்டத்துக்கும் ஒரு வரம்பு வந்துவிடுகிறது. தடை விதித்துப் பார்த்துச் சலித்த பெற்றோருக்கு இது ஒரு மாற்று வழி.

கடைக்காரர் 'பில் அக்செப்டர்' என்று கூறும் இந்த நோட்டு வாங்கியை வாங்கும்போதே ஒரு விஷயத்தில் விழிப்பு வேண்டும். விலை மலிவாகக் கிடைப்பவற்றுள் பல, அமெரிக்க டாலருக்கென்று பழக்கப்பட்டவை. நோட்டு உள்ளே நகரும்போது, கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் அதன்மீது பாய்ச்சி, வரும் ஒளியைத் தன் நினைவிலுள்ள மாதிரியோடு ஒப்பிடுவதே இக்கருவியின் வேலை. ரூபாயின் மாதிரி அதன் நினைவில் இல்லையேல், புத்தம் புதிய நோட்டையும் வெளியே தள்ளிவிடும். நம் நோட்டின் பின்புறத்தில் பதினைந்து மொழிகள் அடுக்கிய பட்டியில் தமிழும் இருக்கிறது. எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் நம் சட்டைப்பையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் இருக்கவே செய்கின்றன. ஆயினும் யந்திரம் அவற்றைச் சொற்களாகப் படிப்பதில்லை. அதற்கு அவை மையின் அடர்த்தி மட்டுமே.

அளவும் ஒரு சிக்கல். டாலர் நோட்டின் அகலம் சுமார் 66 மில்லிமீட்டர். 2018-ல் வந்த ஊதா நிற நூறு ரூபாய் நோட்டும் 66 மில்லிமீட்டர்தான். அதற்கு முந்தைய வரிசையின் நூறு ரூபாய் நோட்டு 73 மில்லிமீட்டர். அதுவும் செல்லுபடியாகும் நோட்டே. குறுகிய வாயுள்ள கருவியில் அது நுழையவே நுழையாது. 2016 நவம்பரில் புதிய ஐந்நூறும் இரண்டாயிரமும் வந்தபோது, நாடெங்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.டி.எம். யந்திரங்களின் உள்பெட்டிகளை ஆட்களை அனுப்பி ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆதலால், மும்பை லாமிங்டன் சாலையில் வாங்கினாலும் சென்னை ரிச்சித் தெருவில் வாங்கினாலும், கடையிலேயே மின்சாரம் கொடுத்து, உங்கள் பையிலுள்ள பத்தையும் இருபதையும் நூறையும் செலுத்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இனி இணைப்பு. முதலாவது மின்சாரம். இத்தகைய கருவிகளுள் பெரும்பாலானவை 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குவன. அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த சில பழைய கருவிகள் 120 வோல்ட் மாறுமின்னோட்டத்தைக் கேட்கும். அவற்றை நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் மிஞ்சும். 12 வோல்ட் கருவிக்கும், மோட்டார் சுழலும் வேளையில் ஓர் ஆம்பியருக்கு மேல் தேவைப்படக் கூடும். ஆகவே யூ.எஸ்.பி. வாயிலிருந்து மின்சாரம் எடுக்கலாகாது. அது தருவது 5 வோல்ட் மட்டுமே. கம்ப்யூட்டரின் பவர் சப்ளையிலுள்ள மஞ்சள் கம்பி 12 வோல்ட், கறுப்புக் கம்பி கிரவுண்ட். அவற்றிலிருந்து எடுப்பது எளிது. தனி அடாப்டர் வைத்தால், அதன் எதிர்முனையைக் கம்ப்யூட்டர்ப் பக்கத்துக் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். சேர்க்காவிடில் சமிக்ஞை போய்ச் சேராது.

இரண்டாவது அச்சமிக்ஞை. பல கருவிகள் கம்ப்யூட்டருடன் வேறு விதங்களிலும் பேசும். வீட்டுக்குப் 'பல்ஸ்' முறையே போதும். பத்து ரூபாய்க்கு ஒரு துடிப்பு, ஐம்பதுக்கு ஐந்து துடிப்பு என்று கருவியின் பக்கவாட்டிலுள்ள சிறு சுவிட்சுகளால் அமைத்துக்கொள்ளலாம். துடிப்பு என்றால் அது மின்சாரத்தை அனுப்புகிறது என்று எண்ண வேண்டாம். அநேகமாக, உள்ளிருக்கும் ஒரு டிரான்சிஸ்டர் அந்தக் கம்பியைக் கணநேரம் கிரவுண்டோடு சேர்த்து விடுவிக்கிறது, அவ்வளவே. பொத்தானை அமுக்கினாலும் நிகழ்வது இதுதான். எனவே ஜாய்ஸ்டிக்கும் பொத்தான்களும் சென்று சேரும் யூ.எஸ்.பி. என்கோடர் பலகையில், 'காயின்' என்று குறித்த முனையில் துடிப்புக் கம்பியை இணைத்தால் வேலை முடிந்தது. பலகை அதைக் கீபோர்டின் 5 என்ற எழுத்தாக மாற்றிச் சொல்லும். மேம் நிரல் அதைக் காசு விழுந்ததாகக் கொள்ளும்.

ஆயினும் எல்லாக் கருவிகளும் இவ்விதம் சாதுவானவை அல்ல. சிலவற்றில் துடிப்புக் கம்பியிலேயே 12 வோல்ட் நிற்கும். 5 வோல்ட்டுக்கு உரிய பலகையில் அது பாய்ந்தால் பலகை போகும், கம்ப்யூட்டரும் போகலாம். ஆகவே இணைக்கும் முன் மல்டிமீட்டரால் அந்தக் கம்பியை அளந்து பார்த்தே தீர வேண்டும். 12 வோல்ட் காட்டினால் நடுவே ஓர் ஆப்டோகப்ளர் வைக்க வேண்டும். பிசி 817 என்ற சில்லும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போதும். விலை ஒரு வேளைக் காப்பிச் செலவுக்கு மிகாது.

துடிப்பின் நீளமும் பொருத்தமாக இருக்க வேண்டும். ஆட்டம் தன் பொத்தான்களை விநாடிக்குச் சுமார் 60 முறை நோக்குகிறது. அதாவது 17 மில்லிவிநாடிக்கு ஒரு முறை. அதைவிடக் குறுகிய துடிப்பு கண்ணில் படாமலே போகலாம். மிக நீண்டாலோ, காசு சிக்கிக்கொண்டது என்று சில ஆட்டங்கள் எண்ணிவிடும். 50 மில்லிவிநாடி துடிப்பு, 50 மில்லிவிநாடி இடைவெளி என்று வைத்தால் பெரும்பாலும் தொல்லையில்லை. நூறு ரூபாயின் பத்துத் துடிப்பும் ஒரே விநாடியில் முடிந்துவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்த ஓர் இல்லத்தில் நாம் கண்ட காட்சியைச் சொல்ல வேண்டும். பெட்டியை இயக்கியவுடன், திரை எழுவதற்கு முன்பே, எட்டு வயதுச் சிறுமி தன் பிறந்தநாள் நூறு ரூபாயைச் செலுத்திவிட்டாள். கருவி விழித்திருந்தது, கம்ப்யூட்டர் விழிக்கவில்லை. பத்துத் துடிப்பும் காற்றில் போயின. திரை வந்தபோது கணக்குப் பூஜ்யம். தந்தையார் உடனே பூட்டைத் திறந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். குழந்தை அதை வாங்கிக்கொண்டாள். அன்று மாலை முழுவதும் அப்பெட்டியின் அருகே வரவில்லை. பணத்தை விழுங்கிவிட்டு வாய் திறவாத யந்திரத்தைப் பெரியவர்கள் திட்டுவார்கள். குழந்தைகள் நம்புவதை நிறுத்திவிடுகிறார்கள்.

இதற்குப் பரிகாரம் உண்டு. பல கருவிகளில் 'இன்ஹிபிட்' என்றொரு கம்பி இருக்கிறது. அதன் வழியே தடை இருக்கும் வரை கருவி நோட்டை ஏற்காது. மேம் நிரல் எழுந்து நின்ற பிறகே அத்தடையை நீக்குமாறு, ஆர்டுயினோ லியோனார்டோ போன்ற ஒரு சிறு பலகையைக் கொண்டு அமைக்கலாம். அப்பலகை தானே கீபோர்டாகவும் நடிக்க வல்லது; ஆகவே 5 என்ற எழுத்தையும் அதுவே சொல்லிவிடும், தனி என்கோடரின் துணை காசுக்கு வேண்டியதில்லை. மேற்சொன்ன தந்தையார் மறுவாரம் இதைச் செய்தார். இப்போது வாயருகே சிறு பச்சை விளக்கு எரிந்தால்தான் நோட்டு உள்ளே போகிறது. முதல் நோட்டை அச்சிறுமியே செலுத்தினாள் என்று கேள்விப்பட்டோம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. கருவி போலியைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்கும் ஆவலில், பிள்ளைகள் ரூபாய் நோட்டைக் கலர் ஜெராக்ஸ் எடுக்க முனையலாம். விளையாட்டுக்கே ஆயினும், நோட்டைப் போன்ற தாளைத் தயாரிப்பது சட்டப்படி குற்றம். சோதனைக்கு வெற்றுத் தாளைச் செலுத்திப் பார்த்தால் போதுமானது.

மழைக்காலத்தில் ஈரமான நோட்டு உருளையில் ஒட்டிச் சுருளும். நான்கு மாதம் மழை பெய்யும் ஊர்களில் வாழ்வோர், மூடியைத் திறந்து ரப்பர்ப் பட்டைகளையும் ஒளிக்கண்களையும் மாதம் ஒரு முறை உலர்ந்த மெல்லிய துணியால் துடைப்பது நல்லது. துடைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள்.