பட்டாசுக்கு ஏன் இத்தனை விதிகள்?

காலை 6 மணி முதல் 7 மணி வரை. மாலை 7 மணி முதல் 8 மணி வரை. தீபாவளி நாளில் தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அனுமதிக்கப்படும் நேரம் இவ்வளவுதான். 2018ஆம் ஆண்டு முதல் இந்த அறிவிப்பு ஆண்டுதோறும் வருகிறது. தருமபுரி நகரத்துக் கடைவீதியானாலும் சரி, பென்னாகரத்து மலையோரச் சிற்றூரானாலும் சரி, விதி ஒன்றுதான்.

“ஆண்டுக்கு ஒரு நாள், அதிலும் இரண்டே மணி நேரமா?” என்று நீங்கள் முணுமுணுத்திருக்கலாம். அது இயல்புதான். ஆனால் பட்டாசு பற்றிய ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஓர் அறிவியல் காரணம் இருக்கிறது. காரணம் புரிந்துவிட்டால், விதியை வேறொருவர் நமக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. வாருங்கள், ஒரு பட்டாசைப் பிரிக்காமலே அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

தன் காற்றைத் தானே சுமக்கும் தீ

விறகு எரியக் காற்று வேண்டும். எரியும் மெழுகுவத்தியை ஒரு கண்ணாடிக் குவளையால் மூடினால் சிறிது நேரத்தில் அணைந்துவிடுகிறது. இதை வகுப்பிலேயே செய்து பார்த்திருப்பீர்கள். பட்டாசு அப்படியன்று.

பழைய கருமருந்தின் கலவையை எடுத்துக்கொள்வோம். அதில் பொட்டாசியம் நைட்ரேட் என்னும் வெடியுப்பு சுமார் 75 பங்கு, மரக்கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. கரியும் கந்தகமும் எரிபொருள்கள். வெடியுப்பு சூடானதும் தன்னிடமுள்ள ஆக்சிஜனை வெளிவிட்டு அவற்றை எரிக்கிறது. ஆகவே இந்தத் தீக்கு வெளிக்காற்று தேவையில்லை. மூடினாலும் எரியும்.

மூடினால் இன்னொன்றும் நடக்கும். எரியும் மருந்திலிருந்து ஏராளமான சூடான வாயு தோன்றுகிறது. திறந்த இடத்தில் அது ‘புஸ்’ என்று போய்விடும். காகிதத்தை இறுக்கிச் சுற்றியிருந்தால், போக வழியின்றி அழுத்தம் ஏறி, கடைசியில் உறையைக் கிழித்துக்கொண்டு வெளிவருகிறது. அதுதான் வெடிச்சத்தம். அதே வெடியைத் தகர டப்பாவுக்குள்ளோ, கொட்டாங்கச்சிக்கு அடியிலோ, கண்ணாடிப் புட்டிக்குள்ளோ வைத்துக் கொளுத்தினால் என்ன ஆகும்? தகரமும் ஓடும் கண்ணாடியும் கத்தித் துண்டுகளாகப் பறக்கும். ‘எதையும் கொண்டு மூடிக் கொளுத்தாதே, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளாதே’ என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

இனி, நெருப்பே வைக்காமல் வெடிக்கும் வகை ஒன்று உண்டு. வெடியுப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரேட்டைக் கந்தகத்துடன் கலந்தால், உராய்வோ அடியோ பட்டாலே அது வெடிக்கக்கூடும். எனவே இந்தியாவில் இக்கலவை 1992ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டது. ஆனாலும் திருட்டுத்தனமாகச் செய்யப்படும் நாட்டு வெடிகள் இன்னும் கிடைக்கின்றன. 2021 நவம்பர் 4, தீபாவளி நாள். விழுப்புரம் மாவட்டம் கோட்டக்குப்பத்தில் ஒருவர் நாட்டு வெடிகளை ஸ்கூட்டரில் வைத்து, தம் சிறுவயது மகனையும் ஏற்றிக்கொண்டு சென்றார். வெடிகள் சாலையிலேயே வெடித்தன. தந்தையும் மகனும் இறந்தனர். அவற்றுக்கு யாரும் திரி கொளுத்தவில்லை. பெயரும் முகவரியும் அச்சிடாத வெடியை விலை குறைவு என்று வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

நான்கு மீட்டர் என்பது எவ்வளவு?

இந்தியாவில் 1999ஆம் ஆண்டு பட்டாசுகளுக்கு ஓர் ஒலி வரம்பு விதிக்கப்பட்டது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் அளந்தால், சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது.

125 டெசிபல் என்பது பெரிதா, சிறிதா? நாம் பேசுவது சுமார் 60 டெசிபல். அதைப் போல இரண்டு மடங்குதானே என்று நினைத்துவிடாதீர்கள். டெசிபல் கணக்கு மடக்கைக் கணக்கு. 10 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு 10 மடங்கு ஆகிறது. 20 கூடினால் 100 மடங்கு. 65 டெசிபல் கூடினால்? சுமார் 30 லட்சம் மடங்கு!

அந்த 4 மீட்டரும் முக்கியம். தூரம் பாதியானால் ஒலிச்செறிவு நான்கு மடங்காகும். டெசிபலில் சுமார் 6 கூடும். 4 மீட்டரில் 125 ஆக இருப்பது 2 மீட்டரில் 131, 1 மீட்டரில் 137. நமது உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. அவை அழிந்தால் மறுபடி வளர்வதில்லை. கையில் பிடித்துத் தூக்கிப் போடும் வெடி, விரலுக்கு மட்டுமல்ல, காதுக்கும் பகை.

உங்கள் தெருவில் அளந்து பாருங்கள். சாதாரண நடையில் ஏறத்தாழ ஆறு எட்டு வைத்தால் 4 மீட்டர் வரும். தெரு நடுவில் நின்று இரு பக்கமும் ஆறு எட்டு நடக்க முடிகிறதா? பல தெருக்களில் நான்காவது எட்டிலேயே யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை வந்துவிடும். அந்தத் திண்ணையில் ஒரு கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கலாம். வெடி வைக்கத் திடலைத் தேடிப் போக வேண்டும் என்பதை உங்கள் கால்களே சொல்லிவிடும்.

சரவெடிக்கு ஒரு சுவையான கணக்கு இருந்தது. சரத்தில் எத்தனை வெடிகளோ, அந்த எண்ணின் மடக்கையை 5ஆல் பெருக்கி வரம்பிலிருந்து கழிக்க வேண்டும். 100 வெடிச் சரமானால் மடக்கை 2, கழிப்பது 10, ஒவ்வொரு வெடிக்கும் 115 டெசிபலே வரம்பு. 2018 அக்டோபர் 23 அன்று வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சரவெடியையே தடைசெய்துவிட்டது. சத்தம் மட்டுமன்று, அதன் புகையும் குப்பையும் அதற்குக் காரணம்.

மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. அங்கே வெடி கூடாது.

இரண்டு மணி நேரம் ஏன்?

புகை மேலே போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். எப்போதும் அப்படிப் போவதில்லை. பகலில் தரை சூடாகிறது. தரையை ஒட்டிய காற்றும் சூடாகி மேலெழும்போது புகையும் கூடவே செல்கிறது. இரவில் தரை குளிர்கிறது. குளிர்ந்த காற்று கீழேயே தங்கிவிட, அதில் கலந்த புகையும் நம் மூக்கின் உயரத்திலேயே நிற்கிறது. விடிய விடிய வெடித்தால் புகை மேலும் மேலும் சேரும். நேரத்தைக் குறைத்தால் சேர்வதும் குறையும்.

அந்தப் புகையில் கந்தக டைஆக்சைடு உண்டு. வண்ணம் தரும் உலோக உப்புகளின் நுண்துகள்களும் உண்டு. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு. இவற்றுள் பேரியம் உப்புகள் நச்சுத்தன்மை உடையவை. பட்டாசில் அவற்றைச் சேர்ப்பதையும் நீதிமன்றம் தடுத்துள்ளது. இதற்கு மாற்றாக நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் ‘பசுமைப் பட்டாசு’களை உருவாக்கியது. அவை புகையே இல்லாதவை என்று எண்ண வேண்டாம். நுண்துகள் குறைந்தது 30 சதவீதம் குறையும், அவ்வளவே. பெட்டியின் மேல் அதற்குரிய முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கொளுத்தும்போது

கம்பி மத்தாப்பைச் சிறு குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு, ‘இது வெடிக்காது’ என்று நிம்மதியாக இருக்கிறோம். அதன் பொறிகளின் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். எரிந்து முடிந்த கம்பி கறுப்பாகத் தெரிந்தாலும் நெடுநேரம் சுடும். வெறுங்காலால் அதை மிதித்தவர்கள் பலர். ஒரு வாளியில் தண்ணீர் வைத்து, முடிந்த கம்பிகளை அதில் போடுங்கள். காலில் செருப்பு இருக்கட்டும்.

நைலான், பாலியெஸ்டர் துணிகள் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உடலை ஒட்டிய பருத்தி உடையே நல்லது. புஸ்வாணத்தின் மேல் முகத்தைக் குனிந்து கொளுத்தாதீர்கள். கையை நீட்டி, பக்கவாட்டில் நின்று நீண்ட ஊதுவத்தியால் கொளுத்துங்கள். வெடிக்காத வெடியின் அருகே போகாதீர்கள். திரி அணைந்தது போலத் தெரியும், உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். சிறிது நேரம் கழித்துத் தூர நின்று தண்ணீர் ஊற்றுங்கள். ராக்கெட் எங்கே விழும் என்பதை விட்டவராலும் சொல்ல முடியாது. கூரை வீடும் வைக்கோல் போரும் உள்ள இடத்தில் அதை விடவே வேண்டாம்.

தீப்புண் ஏற்பட்டால், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். தோலுக்கு அடியில் தங்கிய சூடு அப்போதுதான் வெளியேறும். மை, பற்பசை, மஞ்சள், மாவு எதுவும் தடவக் கூடாது. ஐஸ் கட்டியும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கண்ணில் அடிபட்டால் கசக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அவசர ஊர்திக்கு 108, தீயணைப்புக்கு 101.

கடையிலும் கிடங்கிலும்

தற்காலிகப் பட்டாசுக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை எளிதில் தீப்பற்றாத பொருளால் கட்டப்பட வேண்டும், ஒன்றுக்கொன்று 3 மீட்டர் இடைவெளி வேண்டும், எதிரெதிரே இருக்கக் கூடாது, எண்ணெய் விளக்கு கூடாது, உரிமம் வேண்டும். 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் இவ்வாறு சொல்கின்றன. ஒரு பெட்டி பற்றினால் அதன் சூடு அடுத்த பெட்டியைப் பற்றவைக்கும். தன் ஆக்சிஜனைத் தானே சுமக்கும் தீயைப் பின் யாரால் நிறுத்த முடியும்? அந்தச் சங்கிலியை அறுப்பதற்குத்தான் இடைவெளி.

இது நமது மாவட்டத்துக்கு வெறும் ஏட்டுப் பாடம் அன்று. 2023 மார்ச்சில் பென்னாகரம் அருகே நாகதாசம்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, ஓசூர் எல்லையைத் தாண்டி, கர்நாடகத்து அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடையும் கிடங்கும் எரிந்தன. வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த நேரம் அது. 14 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அவர்களில் பலர் அரூரை அடுத்த அம்மாபேட்டை என்னும் ஒரே ஊரைச் சேர்ந்த இளைஞர்கள். தீபாவளிக்கு முன் சில நாள் வேலை செய்து படிப்புச் செலவுக்குப் பணம் சேர்க்கப் போன மாணவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

விடுமுறையில் அப்படி ஒரு வேலைக்கு உங்களையும் யாராவது அழைக்கலாம். அப்போது இதை நினைவில் வையுங்கள்: 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் 6ஏ பிரிவின்படி, 18 வயது நிறையாத எவரும் வெடிபொருளைத் தயாரிக்கவோ, விற்கவோ, கொண்டுசெல்லவோ கூடாது. ‘வரமாட்டேன்’ என்று சொல்ல உங்களுக்குச் சட்டமே துணை நிற்கிறது. 18 நிறைந்த அண்ணன்மார் போவதானால், உரிமம் இருக்கிறதா, வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகட்டும்.

விதிகளை அரசுதான் போட வேண்டும் என்பதில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கூடு கட்ட வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று, பல ஆண்டுகளாகப் பட்டாசே வெடிப்பதில்லை. அந்த விதியை அவர்களே வகுத்துக்கொண்டார்கள்.

இந்தத் தீபாவளிக்கு நீங்களும் உங்கள் தெருவுக்கு ஒரு விதி வகுத்துப் பாருங்களேன். திடலில் சுண்ணாம்பால் 4 மீட்டர் வட்டம் ஒன்று, இரண்டு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், கூட நிற்க ஒரு பெரியவர். வட்டத்துக்குள் கொளுத்துபவர் ஒருவர் மட்டுமே, மற்றவர்கள் வெளியே. மறுநாள் காலை அந்தத் திடலைப் பெருக்கும்போது, பத்து விரல்களும் இரண்டு கண்களும் எல்லாரிடமும் பத்திரமாக இருக்க வேண்டும். அதுதான் நல்ல தீபாவளி.