புகை சொல்லும் செய்தி

நுழையும்முன்

கழக்கூட்டத்தின் வழியே செல்லும் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய சரக்குந்துகளை நாள்தோறும் காண்கிறோம். ஒட்டன்சத்திரத்துக் காய்கறியும் நாமக்கல் முட்டையும் கேரளத்துக்கு அவற்றில்தான் வருகின்றன. அவற்றுள் சில ஆண்டுகள் பல கண்ட பழைய லாரிகள். அத்தகைய லாரி ஒன்று ஏற்றத்தில் இழுவை குன்றித் திணறினால், அதன் நோயை எவ்வாறு கண்டறிவது? முறையாகச் சிந்திப்பவர்க்கு அந்த லாரியின் புகையே பாதி விடையைச் சொல்லிவிடும்.

பழைய லாரியும் புதிய லாரியும்

1948இல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்றது. சென்னையை அடுத்த எண்ணூரில் அதன் தொழிற்சாலை அமைந்தது. ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனம் 1954இல் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் துணையுடன் லாரிகளைச் செய்யத் தொடங்கியது. இவ்விரு நிறுவனங்களின் லாரிகளே பல்லாண்டுகள் நம் நெடுஞ்சாலைகளில் மிகுதியாக ஓடின.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறையில் உள்ளது. அதற்கேற்ப வரும் புதிய லாரிகளில் சிறு கணினி ஒன்று இருக்கிறது. பழுது நேர்ந்தால் அது குறியீடாகக் காட்டும். பழைய லாரியில் அத்தகைய கருவி இல்லை. கண்ணும் காதும் கையும் மூக்குமே அங்குக் கருவிகள்.

நோயைத் தவறாகக் கணித்தால் இழப்பு பெரிது. கெடாத பம்பைக் கழற்றினால் பணமும் போகும். பழுதும் அப்படியே இருக்கும். பட்டறையில் நிற்கும் லாரிக்கு வாடகை வராது. கடன் தவணை மட்டும் காத்திருக்காது. ஏற்றியிருப்பது காய்கறியானால், தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் விலையைக் குறைக்கும்.

டீசல் எரியும் முறை

ஜெர்மனி நாட்டுப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1892இல் தம் இயந்திரத்திற்குக் காப்புரிமை கோரினார். 1897இல் அவ்வியந்திரம் வெற்றியுடன் இயங்கிக் காட்டியது. பெட்ரோல் இயந்திரத்தில் உள்ளதுபோன்ற தீப்பொறிக்கட்டை இதில் இல்லை. உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காக அழுத்துகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அறிவோம். அவ்வாறே, அழுத்தப்பட்ட காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேறுகிறது. அந்நேரத்தில் நாசில் வழியாக டீசல் நுண்துளிகளாய்ப் பீறிட்டுத் தானே தீப்பற்றுகிறது.

ஆகவே, ஆற்றல் பிறக்க நான்கு தேவை: போதிய காற்று, போதிய டீசல், போதிய அழுத்தம், சரியான நேரம். இழுவை குன்றினால் இவற்றுள் ஒன்றேனும் குறைந்திருக்கும். அல்லது, பிறந்த ஆற்றல் சக்கரத்தைச் சென்று சேராதிருக்கும்.

நோய் இயந்திரத்தில்தானா?

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவர்க்கு ஒரு வரிசையை வகுக்கிறார். முதலில் நோய் இன்னதெனத் தெளிய வேண்டும். அடுத்து, அது தோன்றிய காரணத்தைத் தேட வேண்டும். பின்பு, தீர்க்கும் வழியை அறிந்து பொருந்தச் செய்ய வேண்டும். மருந்து கடைசியில்தான் வருகிறது. நல்ல மெக்கானிக்கும் இவ்வரிசையையே பின்பற்றுகிறார்.

எனவே, முதல் வினா இதுதான்: குறை இயந்திரத்தில்தான் உள்ளதா? இயந்திரத்தின் இரைச்சல் ஏறியும் வண்டியின் வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் தட்டு தேய்ந்து வழுக்குகிறது எனலாம். ஒரு சக்கரத்தின் பிரேக் டிரம் மட்டும் மற்றவற்றைவிட மிகுதியாகச் சூடேறியிருந்தால், அங்கே பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயரில் காற்றுக் குறைவு, அளவை மீறிய பாரம் ஆகியனவும் இழுவைக் குறைவுபோலவே தோன்றும். இவை எவையும் இல்லையெனில் இயந்திரத்தை நோக்கலாம்.

புகையைப் படித்தல்

கரும்புகை வந்தால், டீசல் இருக்கிறது. அதை முழுதும் எரிக்கக் காற்று போதவில்லை. ஏர் பில்டர் தூசியால் அடைபட்டிருக்கலாம். நாசில் நுண்துளிகளாகத் தூவாமல் ஒழுக்கினாலும் கரும்புகை வரும்.

வெண்புகை வந்தால், டீசல் எரியாமலே ஆவியாய் வெளியேறுகிறது. அழுத்தம் குறைந்திருக்கலாம், அல்லது, டீசல் பீறிடும் நேரம் பிந்தியிருக்கலாம். ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால், அந்நீர் உருளைக்குள் கசிகிறதா என ஆராய வேண்டும். குளிர்ந்த காலையில் வண்டியைக் கிளப்பும்போது சிறிது நேரம் வெண்புகை வருவது நோயன்று.

நீலப்புகை வந்தால், இயந்திர எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையங்களோ லைனரோ தேய்ந்திருக்கக்கூடும்.

புகையே மிகாமல் இழுவை மட்டும் குறைந்தால், பெரும்பாலும் டீசல் போதிய அளவு வரவில்லை என்று கொள்ளலாம். பலரும் கவனிக்கத் தவறும் குறி இதுவே.

எளியதிலிருந்து அரியதற்கு

புகை திசையைக் காட்டியபின் தேடல் தொடங்குகிறது. செலவில்லாத சோதனையை முதலிலும், இயந்திரத்தைப் பிரிக்க வேண்டிய சோதனையை இறுதியிலும் செய்வதே முறை.

1. ஆக்சிலரேட்டர் மிதியை முழுதும் அழுத்தினால் பம்பிலுள்ள நெம்புகோல் கடைசிவரை செல்கிறதா எனப் பார்த்தல். இணைப்புக் கம்பி தளர்ந்திருந்தால் பாதி ஆற்றலே கிட்டும்.

2. ஏர் பில்டரையும் அதிலிருந்து செல்லும் ரப்பர்க் குழாயையும் பார்த்தல். உள்மடிப்புப் பிரிந்த குழாய் காற்றுவழியை அடைத்துவிடும்.

3. டீசல் வரும் வழியை டேங்கிலிருந்து பம்புவரை வரிசையாகப் பார்த்தல். டேங்க் மூடியின் காற்றுத்துளை, உறிஞ்சு குழாயின் வலை, டீசல் பில்டர், குழாய் இணைப்புகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். இணைப்பு தளர்ந்து டீசலோடு காற்றும் கலந்தால், ‘ஏர் பிடித்துவிட்டது’ என்பர். கைப்பம்பால் அக்காற்றை வெளியேற்றுவது தீர்வு. கசியும் இணைப்பைச் சரிசெய்யாவிட்டால் காற்று மீண்டும் புகும்.

4. நாசில்களைச் சோதித்தல். இயந்திரம் மெல்ல ஓடும்போது, ஒவ்வோர் உருளைக்கும் செல்லும் டீசலை மெக்கானிக் முறைவைத்து நிறுத்திப் பார்ப்பார். எந்த உருளைக்கு நிறுத்தியபோது ஓசை மாறவில்லையோ, அந்த உருளையே வேலை செய்யாதது.

5. வால்வு இடைவெளி, டீசல் பீறிடும் நேரம், உருளையின் அழுத்தம் ஆகியவற்றை அளத்தல்.

6. எல்லாம் சரியாக இருந்தும் குறை தீராவிட்டால் மட்டும் பம்பைக் கழற்றிச் சோதனை மேடையில் அளவிடச் செய்தல்.

ஓர் எடுத்துக்காட்டு

சரக்கேற்றிய பழைய லாரி ஒன்று தென்காசியிலிருந்து கொல்லம் நோக்கிச் செல்வதாகக் கொள்வோம். சமதளத்தில் நன்றாக ஓடிய அது, புளியரை வளைவுகளைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயில் ஏறும்போது மெல்ல மெல்ல வலுவிழந்து நின்றுவிடுகிறது. புகை இல்லை. கால் மணி நேரம் கழித்துக் கிளப்பினால் மீண்டும் ஓடுகிறது. சிறிது தொலைவில் மறுபடியும் நிற்கிறது. ‘பம்பு போய்விட்டது’ என்று எவரேனும் எளிதில் சொல்லிவிடலாம். குறிகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

புகை இல்லாமையால் டீசல் போதவில்லை எனத் தெரிகிறது. ஏற்றத்தில் மட்டும் குறை தோன்றுவதால், மிகுதியான டீசல் தேவைப்படும்போதே வழி போதாமற்போகிறது எனத் தெரிகிறது. ஓய்வு கொடுத்தால் சரியாவதுதான் முதன்மையான குறி. கெட்ட பம்பு கால் மணி நேர ஓய்வில் குணமடைவது அரிது. அப்படியானால், ஓய்வின்போது மாறுவது எது?

டேங்கிலிருந்து டீசல் வெளியேற வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். மூடியின் காற்றுத்துளை மண்ணால் அடைபட்டால் காற்று வர இயலாது. வாய்ப்பகுதி இறுக மூடிய புட்டியிலிருந்து உறிஞ்சுகுழலால் பருகுவது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் அந்நிலையில் டீசலை உறிஞ்சுவது. வண்டி நிற்கும்போது காற்று சிறிது சிறிதாகக் கசிந்து உள்ளே புகுகிறது. எனவே மீண்டும் ஓடுகிறது. ஓட்டுநர் டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால் ஐயம் தீர்ந்தது. துளையைத் துடைத்துவிட்டால் போதும். அவ்வோசை கேட்காவிட்டால், அடுத்து உறிஞ்சு குழாயின் வலையைப் பார்க்க வேண்டும். உறிஞ்சும்போது அதில் ஒட்டிக்கொள்ளும் கசடு, நின்றபின் உதிர்ந்து இதே குறியைக் காட்டும்.

செய்யத் தகாதவை

இழுவைக்காகப் பம்பின் முத்திரையை உடைத்து டீசல் அளவைக் கூட்டுவோர் உண்டு. காற்று குறைந்த இயந்திரத்திற்கு டீசலைக் கூட்டினால் கரும்புகையும் வெப்பமும் மிகும், பிஸ்டன் கெடும், அப்புகை சாலையோரத்து மக்களின் நுரையீரலை அடையும். நோய் ஒன்றிருக்க வேறொன்றுக்கு மருந்து தருவது இது.

நாசில் குழாய்களில் டீசல் மிக உயர்ந்த அழுத்தத்தில் பாய்கிறது. பழைய லாரிகளின் நாசில்கள் பலவும் ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தில் திறப்பவை. அங்கிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்ல வல்லது. அத்தகைய காயம் சிறியதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எனவே, மேற்கூறிய சோதனைகளைப் பயிற்சி பெற்றவரே செய்தல் வேண்டும். நாம் செய்யத் தக்கது உற்றுநோக்கலும் வினவலும் ஆகும்.

குறியைக் காணாமல் காரணத்தைச் சொல்லாமை, எளியதை விட்டு அரியதற்குத் தாவாமை ஆகிய இரண்டும் பட்டறைக்கு மட்டும் உரியன அல்ல. கணக்கில் பிழை தேடும் மாணவர்க்கும் அவை உதவும்.

சொல் அறிவோம்

தமிழ் ஓட்டுநர் ‘வண்டி இழுக்கவில்லை’ என்பதை மலையாள ஓட்டுநர் ‘வண்டி வலிக்குந்நில்ல’ என்கிறார். தமிழில் இன்று ‘வலித்தல்’ என்றதும் நோவே நினைவுக்கு வரும். ஆயினும் ‘துடுப்பு வலித்தல்’ என்னும் வழக்கில் இழுத்தல் என்னும் பொருள் இன்றும் வாழ்கிறது. ‘வலி’ என்பதற்கு வலிமை என்ற பொருளும் உண்டு.

சொற்பொருள்: குன்றுதல் – குறைதல், கணவாய் – மலைகளுக்கிடையே உள்ள வழி, கசடு – அடியில் தங்கும் அழுக்கு, ஐயம் – சந்தேகம்.

பயிற்சி

1. டீசல் இயந்திரத்தில் ஆற்றல் பிறக்கத் தேவையான நான்கு யாவை?

2. கரும்புகையும் நீலப்புகையும் உணர்த்தும் குறைகளை வேறுபடுத்திக் காட்டுக.

3. கணவாயில் நின்ற லாரியின் பம்பு கெடவில்லை என்று எக்குறியால் உணரலாம்?

4. பிரித்து எழுதுக: நுண்துளிகளாய்ப் பீறிட்டு, அவ்வியந்திரம், வெண்புகை.

5. உங்கள் வீட்டார் அல்லது அண்டையில் உள்ள ஓட்டுநர் ஒருவரிடம் உரையாடி, வண்டியின் உறுப்புகளுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் சொற்கள் பத்தினைத் தொகுத்து எழுதுக.